முள்முருக்கும் 330 என்ற எண்ணும்

மண்டூரில் அம்மம்மாவின் வளவைச் சுற்றி நிற்கும் வேலியில் பாதிக்கு மேல் முள்முருக்கு. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பை அடித்துப் போட்டபோது வளவிலிருந்த தென்னைகளோடு வேலியும் போய்விட்டதாகவும், அந்த மாரி ஈரம் காய்வதற்குள் அயலில் முறிந்து கிடந்த முருக்கங் கிளைகளை வெட்டிக் கதியாலாக ஊன்றியதாகவும் அம்மப்பா சொல்வார். மணிக்கட்டு அளவு தடித்த கிளையை வெட்டி ஈர மண்ணில் நட்டால் வேர்விட்டு மரமாகிவிடும் சாதி இது. ஆகவே இன்று அந்த வேலியில் நிற்கும் பன்னிரண்டு மரங்களும் அன்று முறிந்து விழுந்த ஓரிரு மரங்களின் தொடர்ச்சியாகவே இருக்க வேண்டும். வேதியியல் முதுமாணி ஆய்வுக்காக இவற்றின் பட்டையைச் சேர்த்தபோது "பன்னிரண்டு மரங்களிலிருந்து பெற்ற மாதிரி" என்றுதான் குறிப்பேட்டில் எழுதினேன். கதியாலாக நட்ட மரங்கள் ஒன்றின் பிரதிகள் மட்டுமே என்பதும், உண்மையில் என்னிடம் இருந்தது ஒரு மரத்தின் அல்லது இரண்டு மரங்களின் மாதிரி என்பதும் பின்னரே உறைத்தன. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் பெரிய பிழைக்கு அது முன்னோடியான சிறிய பிழை.

தாவரவியலார் இதனை எரித்ரினா வாரியகேட்டா என்பர். எரித்ரினா என்பது சிவப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பழந்தமிழில் கவிர் என்று பெயர். மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்கிளையாக நிற்கும்போது உச்சியில் நெருப்புப் போலப் பூக்கும். சிங்களவர் இதனை எரபது என்றழைத்து, அது பூப்பதைச் சித்திரைப் புத்தாண்டு நெருங்குவதன் அடையாளமாகக் கொள்வர். எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டில் கன்னிக்கால் ஊன்றுவதற்கு வெட்டுவதும் இதன் கிளையைத்தான். அக்காவின் கலியாணத்துக்கு ஊன்றிய கன்னிக்கால் துளிர்த்ததைக் கண்டு வீட்டிலிருந்த பெரியவர்கள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பது எனக்கு நல்ல நினைவு. எங்களுக்குச் சளி பிடித்தால் அம்மம்மா இளம் இலையை அரைத்து அரிசிமாவில் குழைத்து ரொட்டி சுட்டுத் தருவார்.

இலையைத் தின்றோம் என்பதற்காக விதையும் நல்லது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. முருக்கு இனங்களின் விதைகளில் தசைகளைத் தளர்த்தி அசைவிழக்கச் செய்யும் நஞ்சு உண்டு. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் பூசிய குராரே என்ற நஞ்சைப் போலவே அது வேலை செய்கிறது. ஆனால் குராரே குருதியில் கலந்தால்தான் கொல்லும், முருக்கின் நஞ்சோ வாய்வழியாகச் சென்றாலும் தாக்கும். இதனைத் துருவிப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் மேர்க் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் ஃபோக்கர்ஸ். பின்னாளில் வைற்றமின் பி12 ஐப் பளிங்காகப் பிரித்தெடுத்த குழுவை வழிநடத்தியவரும் அவரே. 1937இல் அவரும் ரண்டொல்ஃப் மேஜரும் எரித்ரோயிடின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அதிலிருந்து ஆக்கப்பட்ட ஒரு சேர்வை 1940களில் தசைத் தளர்த்தியாகப் பயன்பட்டது. நரம்புக் கலங்களில் நிக்கொட்டீன் சென்று ஒட்டும் வாங்கிகளை ஆராய்பவர்களின் கையில் அது இன்றும் ஒரு கருவி. அல்கலோயிட்டுகள் எனப்படும் இத்தகைய பொருள்கள் முருக்கு இனங்களிலிருந்து இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. எங்கள் வேலி முருக்கையும் இந்திய ஆய்வாளர்கள் 1970களிலேயே ஆராய்ந்துவிட்டார்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான், "எங்கள் மண்ணில் நிற்கும் மரத்தில் இன்னும் எவரும் காணாத ஒன்று இருக்காதா?" என்ற ஆசையோடு நான் இறங்கினேன்.

அல்கலோயிட்டு என்பதைத் தமிழில் காரப்போலி என்றும் சொல்வதுண்டு. 1819இல் ஜேர்மனிய மருந்தாக்குநரான கார்ல் மைஸ்னர் இப்பெயரைச் சூட்டியபோது காரம் போன்றது என்ற பொருளையே கருதினார் என்பதால், இந்தத் தமிழ்ச்சொல் மிகப் பொருத்தமானது என்று எனக்குத் தோன்றும். மூலக்கூறில் ஒரு நைதரசன் அணு இருக்கும். அது அமிலத்தைக் கண்டால் ஒரு புரோத்தனைப் பற்றிக்கொண்டு உப்பாகி நீரில் கரையும். காரத்தைச் சேர்த்தால் புரோத்தனை இழந்து, நீரை விட்டுக் குளோரோபோம் போன்ற சேதனக் கரைப்பானுக்குள் போய்விடும். அல்கலோயிட்டைப் பிரித்தெடுக்கும் கலை இந்த ஒரு குணத்தின் மீதே நிற்கிறது. இலையின் பச்சையம், கொழுப்பு, பிசின், சீனி எதற்கும் இப்படி இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போகத் தெரியாது.

2022 பெப்ரவரியில் பட்டை சேர்த்தேன். மரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் அது பட்டுப்போகும். ஆகையால் வேலி அடைப்பதற்காக எப்படியும் வெட்டப்படும் கிளைகளிலிருந்து மட்டும் உரித்தேன். அம்மம்மாவுக்கு அதிலும் நம்பிக்கை வரவில்லை. "மனே, மரத்துக்கு நோகாம எடு. மறுகா வேலிக்கு நான் எங்க போற?" என்று வாசற்படியில் இருந்தபடியே ஒவ்வொரு கிளைக்கும் கணக்குக் கேட்டார். பூவும் இலையும் உள்ள ஒரு கொப்பை அழுத்தி உலர்த்தி, பேராதனைத் தேசிய உலர்தாவரகத்துக்கு அனுப்பி, தாவரம் எதுவென்று உறுதி செய்துகொண்டேன். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் அதன் பின்னர் செய்யும் எல்லாம் வீண், ஏனென்றால் எந்தத் தாவரத்தின் பொருள் என்றே தெரியாத ஒரு பொருளால் யாருக்கும் பயனில்லை. பட்டை மூட்டையை மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு, நாங்கள் பாதை என்று சொல்லும் அந்தத் தட்டைப் படகில் ஏற்றி வாவியைக் கடந்து கொண்டுவந்தேன்.

நிழலில் இரண்டு கிழமை உலர்த்தி இடித்தபோது 2.4 கிலோ தூள் கிடைத்தது. முதலில் ஹெக்சேனில் ஊறவைத்துக் கொழுப்பை நீக்கினேன். பிறகு மெதனோலில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் ஊறவைத்து வடித்தேன். வடித்த சாற்றை 40 பாகைக்கு மேற்படாமல் சுழல் ஆவியாக்கியில் வற்றவைத்தபோது கருப்பஞ்சாற்றுப் பாகு போன்ற கபில நிறக் களி மிஞ்சியது. அதனை 2 வீத ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வடிகட்டி, பிரிபுனலில் ஊற்றிக் குளோரோபோமால் கழுவினேன். இந்தக் கட்டத்தில் அல்கலோயிட்டு நீர்ப்படையில் இருக்கும், வேண்டாதவை குளோரோபோமோடு போய்விடும். அதன்பின் அமோனியாக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, சோதனைத்தாள் காட்டும் pH அளவு 9ஐத் தாண்டியதும் மறுபடி குளோரோபோமால் எடுத்தேன். இப்போது அல்கலோயிட்டு நீரைவிட்டுக் குளோரோபோமுக்குள் வருகிறது. பிரிபுனலைக் குலுக்கி, அடைப்பைத் திறந்து காற்றை வெளிவிட்டு, இரு படைகளும் தெளியும்வரை காத்திருக்கும் அந்த நேரத்துக்கு ஒரு தனி அமைதி உண்டு. சில நாட்களில் இரண்டு படைகளுக்கும் இடையே பால்போல் ஒரு கலங்கல் நின்றுவிடும். உப்பு நீர் விட்டுப் பொறுமையாக இருப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

மிஞ்சிய நீர்ப்படையை நான் கொட்டிவிட்டேன். இதனை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

குளோரோபோமை வற்றவைத்தபோது 3 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு மஞ்சட் பிசின் கிடைத்தது. அதனைச் சிறிது குளோரோபோமில் மீண்டும் கரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன், கலவையைத் தனித்தனிப் பொருள்களாகப் பிரிக்கும் கண்ணாடி நிரலில் நிரப்ப வேண்டிய சிலிக்காத் தூள் இன்னும் வந்து சேரவில்லை. அந்த ஆண்டின் பங்குனி மாதம் இலங்கையில் இருந்தவர்கள் எவருக்கும் மறக்காது. டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ரூபாயின் பெறுமதி விழுந்ததும் கரைப்பான்களின் விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போயிற்று. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் குடுவை வெதுவெதுப்பாக இருந்ததைக் கையால் உணர்ந்தேன். பிசினாக உலர்ந்த நிலையில் வைத்திருக்கலாம், இருட்டில் வைத்திருக்கலாம், நைதரசன் வாயுவை நிரப்பி மூடியிருக்கலாம். ஒன்றையும் செய்யவில்லை. ஏறத்தாழ ஏழு கிழமை அக்கரைசல் அப்படியே இருந்தது.

வைகாசியில் சிலிக்கா வந்தது. கண்ணாடி நிரலில் அதனைக் களியாக ஊற்றி நிரப்பி, குளோரோபோமில் தொடங்கி மெதனோலைச் சிறிது சிறிதாகக் கூட்டி, 148 குழாய்களில் வடிநீரைச் சேர்த்தேன். ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளியை, சிலிக்கா மெல்லியதாகப் பூசிய டி.எல்.சி. தட்டில் வைத்துக் கரைப்பானில் ஓடவிட்டு, திராகெண்டோஃப் கரைசலைத் தெளித்தேன். பிஸ்மது நைத்திரேற்றும் பொற்றாசியம் அயடைட்டும் அமிலத்தில் கலந்த அக்கரைசல், அல்கலோயிட்டு உள்ள இடத்தில் செம்மஞ்சட் புள்ளி காட்டும். அது சொல்வதையெல்லாம் நம்பிவிட முடியாது. நைதரசன் இல்லாத சில பொருள்களும் அதில் நிறம் காட்டும். கார்த்திகைப்பூக் கிழங்கின் கொல்கிசீன் நைதரசன் உள்ள அல்கலோயிட்டாக இருந்தும், அதன் நைதரசனுக்குக் காரக்குணம் இல்லாமையால் அமில-கார முறையில் அகப்படாமல் நழுவிவிடும். ஆயினும் இருட்டில் நடப்பவனுக்குக் கைவிளக்குப் போல முதல் வழியை அதுவே காட்டுகிறது.

முதலில் இறங்கிய பெரும்பகுதி 86 மில்லிகிராம் எரிசோட்ரீன். இது முருக்கு இனங்களில் பரவலாகக் காணப்படுவது. மூலக்கூறின் திணிவை அளந்து காட்டும் திணிவு நிறமாலையில் புரோத்தனேற்றிய மூலக்கூறு 314.175 இல் நின்றது. அதிலிருந்து ஒரு மெதனோல் கழன்று 282 வந்தது. அடுத்ததாக வந்தது 300.159, அதாவது ஒரு மெதயில் கூட்டம் குறைந்த எரிசோடீன் அல்லது எரிசோவீன். மூன்றாவதாக, தட்டின் அடிப்பாகத்திலேயே தயங்கி நின்ற ஒரு புள்ளி, மெதனோலை நன்றாகக் கூட்டிய பின்னரே இறங்கிவந்தது. நிறை 4 மில்லிகிராம். திணிவு 330.1698.

அந்த எண்ணை முதன்முதலாகப் பார்த்த மாலையை என்னால் மறக்க முடியாது. கணக்குப் போட்டேன்: 19 காபன், 23 ஐதரசன், ஒரு நைதரசன், 4 ஒட்சிசன். எரிசோட்ரீனில் ஓர் ஒட்சிசன் கூடியிருக்கிறது. அறியப்பட்ட முருக்கு அல்கலோயிட்டுகளில் இதே சூத்திரம் எரித்ரார்டீனுக்கு உண்டு. எரிசோட்ரீனின் 11ஆம் காபனில், ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் சேர்ந்த ஐதரொட்சைல் கூட்டம் ஏறினால் அது எரித்ரார்டீன். ஆனால் கொழும்பிலிருந்து மூன்று மாதம் காத்திருந்து பெற்ற, மூலக்கூறில் ஒவ்வோர் ஐதரசனின் (புரோத்தனின்) சூழலையும் காட்டும் என்.எம்.ஆர். நிறமாலையில், அந்த ஐதரொட்சைலைத் தாங்கும் காபனில் இருக்க வேண்டிய புரோத்தனின் குறி இல்லை. அதற்குப் பதிலாக நைதரசனை அடுத்துள்ள மெதிலீன் புரோத்தன்கள் தம் வழக்கமான இடத்தைவிட்டு இடப்பக்கம் வெகுதூரம் நகர்ந்திருந்தன. ஆகவே இது எரித்ரார்டீன் அன்று. எரித்ரார்டீனும் அன்று, அதே சூத்திரமும் உண்டு என்றால், ஐதரொட்சைல் வேறோர் இடத்தில் ஏறிய, இதுவரை எவரும் காணாத ஒரு மூலக்கூறு என்று நான் முடிவுகட்டினேன். குறிப்பேட்டின் ஓரத்தில் அதற்குப் பெயரும் எழுதினேன்: மண்டூரீன். ஊருக்கும், வேலிக்கும், அம்மம்மாவுக்கும் செய்யும் நன்றியாக அதனை நினைத்தேன்.

என் ஆய்வுக்கு வழிகாட்டிய சேர் நிறமாலையை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுக்கு நாகத்தூள் போட்டுப் பார்த்தீங்களா, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னது துத்தநாகத் தூளை. அப்போதே எனக்கு முகம் குளிர்ந்தது, கேள்வியின் உள்ளே விடை இருந்தது.

அல்கலோயிட்டின் நைதரசனில் பிணைப்பில் ஈடுபடாத ஓர் இலத்திரன் சோடி இருக்கிறது. அமிலத்திடமிருந்து புரோத்தனைப் பற்றிக்கொள்வதும் அந்தச் சோடிதான். அதே சோடி, ஒட்சியேற்றும் பொருள் ஏதேனும் கிட்டினால் ஓர் ஒட்சிசன் அணுவையும் பற்றிக்கொள்ளும். அப்போது உண்டாவது நைதரசன் ஒட்சைட்டு. காபன் மேல் ஐதரொட்சைல் ஏறினாலும் நைதரசன் மேல் ஒட்சிசன் ஏறினாலும் கூடும் திணிவு ஒன்றே: 15.9949. திணிவுமானி இரண்டையும் பிரித்தறியாது. ஒட்சிசன் ஏறிய நைதரசன் தன்னை அடுத்துள்ள புரோத்தன்களின் குறிகளை இழுத்து நகர்த்திவிடும், நான் பார்த்த நகர்வு இதுவே. மூலக்கூறில் ஒரு பக்கம் நேரேற்றமும் மறுபக்கம் எதிரேற்றமும் நிற்பதால் அது சிலிக்காவை இறுகப் பிடித்துக்கொள்ளும். தட்டின் அடியில் தயங்கி நின்ற புள்ளிக்கும் காரணம் அதுவே. எல்லா அடையாளங்களும் என் முன்னால் கிடந்தன. நான் ஐதரொட்சைலைத் தேடிக்கொண்டிருந்ததால் எனக்கு ஐதரொட்சைல் மட்டுமே தெரிந்தது.

நாகப் பரிசோதனை மிகப் பழையது, மலிவானது, எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்யக்கூடியது. ஒரு மில்லிகிராமை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, நாகத்தூளைச் சிட்டிகையளவு இட்டு, குமிழி விட விட இரண்டு மணித்தியாலம் கலக்கினேன். நைதரசன் ஒட்சைட்டாக இருந்தால் நாகம் அந்த ஒட்சிசனைப் பிடுங்கிவிட்டு மூல அல்கலோயிட்டைத் திருப்பித் தரும். காபனில் ஏறிய ஐதரொட்சைலாக இருந்தால் இந்தப் பதமான நிலையில் அது அசையாது. வடிகட்டி, அமோனியா சேர்த்து, குளோரோபோமில் எடுத்து, தட்டில் எரிசோட்ரீனுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தேன். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. நடுவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த புள்ளியும் பிரியாமல் ஒன்றாகவே ஓடியது. சில கிழமைகளின் பின் வந்த திணிவும் 314.175 என்றே சொல்லியது.

எனது மண்டூரீன் எரிசோட்ரீனின் நைதரசன் ஒட்சைட்டு. அதுகூட ஏற்கனவே அறியப்பட்டதுதான். 1981இல் பிரேசில் ஆய்வாளர்கள் முலுங்கு என்ற அந்நாட்டு முருக்கு இனத்திலிருந்து அதனை விவரித்திருக்கிறார்கள். நான் எங்கள் முருக்கினத்தைப் பற்றிய கட்டுரைகளை மட்டும் பெயர்வாரியாகத் தேடியிருந்தேன். சூத்திரத்தைக் கொண்டு முழுப் பேரினத்தையும் தேடியிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். தாவரத்தைக் கொண்டு தேடுவதும் மூலக்கூறைக் கொண்டு தேடுவதும் வேறுவேறு தேடல்கள் என்பதை இந்தத் துறைக்குள் வரும் தம்பி தங்கைகளுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு அதிகம் வலித்தது அது பழைய பொருள் என்பதாலன்று. அந்த ஒட்சிசன் மரத்தில் ஏறியதா, என் குடுவையில் ஏறியதா என்பதை என்னால் சொல்ல முடியாமற் போனதுதான் வலி. தாவரங்கள் தாமே நைதரசன் ஒட்சைட்டுகளை ஆக்குவதுண்டு. கிலுகிலுப்பைச் செடி போன்றவை தம் நஞ்சின் பெரும்பகுதியை இந்த வடிவில்தான் சேமிக்கின்றன. ஆனால் காற்றிலும் ஒளியிலும் வெப்பத்திலும் கரைசலாக நிற்கும் அல்கலோயிட்டிலும் இது உண்டாகலாம். ஏழு கிழமை வெதுவெதுப்பான பெட்டியில் இருந்த ஒரு குடுவையை வைத்துக்கொண்டு, இது முருக்கமரத்தின் பொருள் என்று எழுத எனக்கு என்ன உரிமை இருந்தது?

இப்படிக் குடுவையில் பிறந்து தாவரத்தின் பிள்ளையாகப் பதிவானவை ஏராளம். வெள்ளறுகில் சுவேர்ட்டியாமரின் என்ற கசப்புப் பொருள் உண்டு. அதில் நைதரசனே கிடையாது. ஆனால் அல்கலோயிட்டை எடுப்பதற்காக அமோனியாவைச் சேர்த்தால், அமோனியாவின் நைதரசன் அந்த மூலக்கூறுக்குள் புகுந்து ஜென்சியானீன் என்ற அல்கலோயிட்டு உருவாகிவிடும். எடுக்கப் போனவரே கொண்டுபோய் வைத்துவிட்டு எடுத்துவருகிற கதை இது. மரமஞ்சளின் பேர்பெரீன் காரநிலையில் அசற்றோனைக் கண்டால் அதனோடு சேர்ந்து வேறொரு சேர்வையாகிவிடும். போத்தலைக் கழுவிய அசற்றோனின் மிச்சம்கூட இதற்குப் போதும். இவற்றை வாசித்த பிறகு, நான் பயன்படுத்தும் ஒவ்வொரு கரைப்பானையும் ஒரு தாக்குபொருளாகவே பார்க்கத் தொடங்கினேன். மெதனோலில் எடுத்த பொருளில் ஒரு மெதொட்சி கூட்டம் தெரிந்தால், எதனோலில் எடுத்தாலும் அது மெதொட்சியாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதொட்சியாக மாறினால் அது மரம் தந்ததன்று, போத்தல் தந்தது.

கட்டமைப்பை உறுதிசெய்வதும் இதற்குக் குறைந்த பாடன்று. எரிசோடீனும் எரிசோவீனும் இரட்டையர்கள். இரண்டிலும் அரோமற்றிக் வளையத்தில் ஓர் ஐதரொட்சைலும் ஒரு மெதொட்சியும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றில் இருக்கும் ஒழுங்கு மற்றதில் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். சூத்திரமும் திணிவும் ஒன்று, நிறமாலைகளும் பெரும்பாலும் ஒத்திருக்கும். இவற்றைப் பிரிப்பதற்கு அணுக்களின் அயலைக் கேட்க வேண்டும். மெதொட்சியின் புரோத்தன்களைத் தூண்டினால், வெளியில் அவற்றுக்கு அருகிலுள்ள வளையப் புரோத்தன் பதில் சொல்லும். அந்த வளையப் புரோத்தன் அடுத்துள்ள 11ஆம் காபனின் மெதிலீனுக்கு அயலா, அல்லது மறுபக்கத்து 3ஆம் காபனின் புரோத்தனுக்கு அயலா என்று பார்த்தால் மெதொட்சி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துவிடும். எனது 300.159இல் ஒன்றல்ல, இரண்டும் கலந்திருந்தன. அவற்றைப் பிரிக்க எனக்கு எட்டு மாதம் சென்றது. அதைப்பற்றி எழுத அதிகமில்லை. திரும்பத் திரும்ப நிரல், திரும்பத் திரும்பத் தட்டு.

அந்த எட்டு மாதம் சலிப்பூட்டியபோதெல்லாம் காஞ்சிரையை நினைத்துக்கொள்வேன். அம்பாறையில் திருக்கோவிலை அடுத்த காஞ்சிரங்குடாவின் பெயரில் நிற்கும் அதே காஞ்சிரை. அந்த இனத்து விதையிலிருந்து ஸ்ட்ரிக்னீனைப் பிரெஞ்சு மருந்தாக்குநர்களான பெலத்தியேயும் கவாந்துவும் பிரித்தெடுத்தது 1818இல். தூய பளிங்காகக் கையில் இருந்த அந்தப் பொருளின் கட்டமைப்பை ஆங்கிலேய வேதியியலாளர் ரொபேட் ரொபின்சன் சரியாக முன்வைத்தது 1946இல். அமெரிக்க வேதியியலாளர் வூட்வர்ட் அதனை ஆய்வுகூடத்தில் தொகுத்தது 1954இல். இடையில் 128 ஆண்டுகள் எத்தனையோ பேர் உடைத்தும், ஒட்சியேற்றியும், துண்டுகளை ஒவ்வொன்றாக இனங்கண்டும் அந்த ஒரு மூலக்கூறோடு மல்லுக்கட்டினார்கள். இன்று 4 மில்லிகிராமையும் ஒரு நாள் இயந்திர நேரத்தையும் வைத்து அதே வேலையைச் செய்ய முடிகிறது. அந்த வசதியே என்னை அவசரப்படுத்தியது. துண்டு துண்டாக உடைத்துப் படித்தவர்கள் தங்கள் பொருளின் குணத்தைக் கையால் அறிந்திருந்தார்கள். நான் எனது பொருளை எண்களாக மட்டுமே அறிந்திருந்தேன். நாகத்தூளைக் கேட்டவர் பழைய தலைமுறை ஆள் என்பது தற்செயலன்று.

2023 பெப்ரவரியில் மறுபடியும் மண்டூருக்குப் போனேன். இம்முறை பட்டையை உலர்த்தவில்லை. கரைப்பானையும் அமிலத்தையும் உரலையும் வளவுக்கே கொண்டுபோய், உரித்த அரைமணி நேரத்துக்குள் இடித்து ஊறவைத்தேன். போத்தல்களைக் கறுப்புத் தாளால் சுற்றி, பனிக்கட்டி நிரப்பிய மீன்பெட்டியில் வைத்துப் பாதையில் கடந்தேன். மீன் இல்லாத மீன்பெட்டியை இவ்வளவு பத்திரமாக அணைத்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பாதையில் வந்தவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள். அன்றிரவே அமிலச்சாற்றைச் சமபங்காக இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியை அப்படியே காரமாக்கி எடுத்தேன். மற்றப் பாதியில் நாகத்தூளை இட்டு ஒட்சைட்டுகளையெல்லாம் மூல அல்கலோயிட்டாக மாற்றிய பின் காரமாக்கி எடுத்தேன். இரண்டாம் பாதியில் எரிசோட்ரீன் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவும் புதுப்பட்டையில் ஒட்சைட்டாக இருந்தது என்று பொருள். நீர்ப்படையை இம்முறை கொட்டவில்லை. நைதரசன் ஒட்சைட்டு நீரை விரும்பும் பொருள். மரம் தானாகவே அதனை ஆக்கியிருந்தால் பெரும்பங்கு அங்கேதான் தங்கியிருக்கும். முதல் தடவை நான் தொட்டியில் ஊற்றியது, என் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஒரே சாட்சியை.

இரண்டு பாதிகளையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டபோது எரிசோட்ரீன் புள்ளிகளின் பருமனில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருக்கவில்லை. நீர்ப்படையை வற்றவைத்து ஓடவிட்ட தட்டில், பழைய 330 நிற்க வேண்டிய உயரத்தில் மிக மங்கலான ஒரு நிழல் இருந்தது. செம்மஞ்சள் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஆய்வேட்டில் மூன்றாம் பொருளுக்கு நான் எழுதியது இதுதான்: "எரிசோட்ரீன் நைதரசன் ஒட்சைட்டு, அறியப்பட்ட சேர்வை. முதல் மாதிரியில் பெறப்பட்ட அளவின் பெரும்பகுதி சேமிப்பின்போது உண்டானதாகக் கருதப்படுகிறது. புதிய பட்டையில் சுவட்டளவில் இருக்கலாம்." அந்தக் கடைசிச் சொல்லை எழுதுவதற்கு எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

அம்மம்மாவிடம் மரத்தில் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். "மரம் பழசுதானே மனே" என்றார்.

இன்னும் விதைகளைத் தொடவில்லை. நெற்றுகள் காய்ந்து வெடிக்கும் முன்னரே பறிக்க வேண்டும். எங்கள் வேலியில் மட்டுமன்றி, கொக்கட்டிச்சோலைப் பக்கமும் வாகரைப் பக்கமும் வேறு கதியால் வழியில் வந்த மரங்களிலும் பறிக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் தனிப் போத்தல், தனிக் குறிப்பு. முருக்கு விதையில் சில அல்கலோயிட்டுகள் சல்போ அசற்றிக் அமிலத்தோடு பிணைந்து ஒளிந்திருப்பதை ஃபோக்கர்ஸின் குழுவினர் கண்டுபிடித்திருக்கிறார்கள். அமிலத்தில் காய்ச்சினால்தான் அவை விடுபடும். ஆகவே விதைச்சாற்றைக் காய்ச்சாமல் ஒரு பங்கும் காய்ச்சி ஒரு பங்கும் ஓடவிட வேண்டும். விதை பறித்த அன்றைக்கே முதல் தட்டை ஓடவிட்டு, அதன் படத்தைத் திகதியோடு குறிப்பேட்டில் ஒட்டிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து வேறொரு புள்ளி தோன்றினால், அந்தப் படத்தில் அது இருந்ததா என்று முதலில் பார்ப்பேன்.